கர்த்தருடைய மாடு

சாவிக்காரி என்றால் அந்தப் பகுதியில் தெரியாதவர்கள் கிடையாது. ஜெபவீட்டின் முன்கதவு, பின்கதவு, பாய்கள் அடுக்கி வைத்திருக்கும் அறை, தண்ணீர்த் தொட்டியின் மூடி, எல்லாச் சாவியும் அவள் இடுப்பில்தான் தொங்கும். ஆள் வருவதற்கு முன்னால் சாவிச் சத்தம் வந்துவிடும். ஜெபத்தில் கண் அசந்தவர்கள் அந்தச் சத்தம் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். அத்தனை சாவி வைத்திருந்தாளே, சொந்தமாகப் பூட்டி வைக்க ஒன்று உண்டா என்றால் கிடையாது. ஜெபவீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு அறை, ஒரு கயிற்றுக் கட்டில், இரண்டு புடவை, தண்ணீர் பிடிக்க ஒரு டிரம். அவ்வளவுதான் அவள் குடித்தனம். மகள் கட்டிக்கொடுத்த இடத்தில் நன்றாக இருக்கிறாள். வா என்று கூப்பிட்டாலும் இவள் போகமாட்டாள்.

அவள் புருஷன் கொத்தனார். சாரம் சரிந்து விழுந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். கொடுத்தவர் எடுத்துக்கொண்டார், நம்மிடத்தில் என்ன இருக்கிறது என்று. எல்லோரும் சொல்லிவிட்டுப் போன பிறகு இவள் மூப்பரைப் பார்த்துக் கேட்டாள். "எடுக்கிறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா ஐயா?"

ஜெபவீட்டை நடத்துகிற மூப்பர் கண்டிப்பானவர். ஆனாலும் அன்றைக்குக் கோபப்படவில்லை. "அவருடையதை அவர் எடுக்கிறதுக்கு உன்னை எதுக்கும்மா கேக்கணும்?" என்றார்.

அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை மறைக்கவும் இல்லை. ஆனாலும் அடுத்த வாரம் மூப்பர் கொடுத்த சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்படிப்பட்டவள்.

அந்தச் சபையாருக்கு ஒரு பழக்கம் உண்டு. வேறெங்கும் இப்படி இருக்கிறதா என்று கேட்டால், தெரியாது. வானமும் பூமியும், அதில் ஊர்வதும் பறப்பதும், எல்லாம் கர்த்தருடையது என்று வேதம் சொல்கிறதல்லவா? இவர்கள் அதை வாயால் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இல்லை. கர்ப்பம் திறந்து வருகிற முதல் கன்று, முதல் ஆட்டுக்குட்டி, முதல் குலை, எதுவானாலும் ஜெபவீட்டுக்கு வந்துவிட வேண்டும். அப்படி வந்த பசுவுக்குக் கர்த்தருடைய மாடு என்று பெயர். பெயர் என்றுகூடச் சொல்லக்கூடாது. அந்த மாட்டுக்குப் பெயரே வைக்கமாட்டார்கள். பெயர் வைப்பது உடையவன் செய்கிற காரியம், நாம் யார் வைக்க என்பார்கள். விற்கமாட்டார்கள், அடிக்கமாட்டார்கள். அதன் பால், பின்வாசலில் யார் பாத்திரத்தோடு வந்து நின்றாலும் அவர்களுக்கு. நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்பதில்லை. ஓட்டுத் தொழிற்சாலை வரிசை வீடுகளில் அந்தப் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ.

பழைய மாடு வயதாகிச் செத்தது. அதற்குப் பிறகு தையல்காரர் வீட்டுப் பசு தலைச்சன் ஈன்றது கிடேரிக்கன்று. தாய் என்ன காரணமோ கன்றை அண்டவிடாமல் உதைத்தது. "எங்க வீட்டு மருமகளுக்கும் மாட்டுக்கும் ஒரே குணம்" என்று தையல்காரர் சொல்லி, மருமகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஈரம் காயாத கன்றைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்து சாவிக்காரியின் கையில் கொடுத்தார். "இந்தாக்கா. கர்த்தருடையது. பத்திரம்."

அவள் அதைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாள். மழைக்காலத்தில் தன் அறைக்குள்ளேயே சாக்கு விரித்துப் படுக்க வைத்தாள். கன்று அவள் முந்தானையைச் சப்பிச் சப்பி ஓட்டை போட்டது. யாரும் இல்லாத நேரத்தில் அதன் காதுக்குள் வாயை வைத்து, "என் கண்ணு" என்பாள். சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்துக்கொள்வாள். ‘என்’ என்கிற வார்த்தை ஜெபவீட்டு மாட்டுக் கொட்டகையில் சொல்லத் தகாத வார்த்தை.

கிடேரி பருவத்துக்கு வந்தது. சினை ஊசி போடுகிற கம்பவுண்டர், "எந்த ஜாதி ஊசி போடட்டும்?" என்று கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. தன் வீட்டு மாடு என்றால் ஆளுக்கு ஒன்று சொல்லியிருப்பார்கள். இது கர்த்தருடைய மாடு, நாம் எப்படிச் சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கம்பவுண்டர் பெட்டியில் எது மேலே இருந்ததோ அதைப் போட்டுவிட்டுப் போனான். பெரிய ஜாதிக் காளையின் வித்து. கிடேரியோ சின்ன உடம்புக்காரி.

பேறு வந்த அன்றைக்கு விடியும்போதே தூறல். சாவிக்காரி கொட்டகைக்குள் நுழைந்தபோது நீர்க்குடம் உடைந்து வைக்கோல் நனைந்திருந்தது. கிடேரி படுப்பதும் எழுவதுமாக இருந்தது. அவள் ஓட்டமாகப் போய் மூப்பரிடம் சொன்னாள். மாட்டு டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றும் கேட்டாள்.

"அவசரப்படாதே. அவருடைய மாடு, அவர் பாத்துக்குவார். நாம ஜெபம் பண்ணுவோம்" என்றார் மூப்பர்.

ஜெபம் பண்ணினார்கள், மூப்பர் ஜெபவீட்டுக்குள், மற்றவர்கள் கொட்டகையில். தையல்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். முழங்காலில் நின்றார்கள். அவர்கள் நம்பிக்கையில் ஒரு குறையும் சொல்ல முடியாது, மனதாரத்தான் ஜெபித்தார்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டிருந்த நேரத்தில் மாடு முக்கி முக்கி ஓய்ந்துகொண்டிருந்தது. இரண்டு குளம்புகள் வெளியே தெரிந்தன. அதோடு நின்றுவிட்டது. தலை வரவில்லை. பொழுது ஏறுகிற நேரத்துக்குக் கிடேரி பக்கவாட்டில் சாய்ந்து கால்களை நீட்டிவிட்டது. சாவிக்காரி கண்ணைத் திறந்து பார்த்தாள். மாட்டின் கண்ணில் வெள்ளை தெரிந்தது.

யாரையும் கேட்கவில்லை. எழுந்தாள். "தம்பி, சைக்கிளை எடு. டாக்டரைக் கூட்டிட்டு வா" என்று தையல்காரரிடம் சொன்னாள்.

"மூப்பர் எழுந்து..."

"அவர் ஜெபம் பண்ணட்டும். நீ மிதி."

மாட்டு டாக்டர் வந்து சேர்ந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. வேறு எங்கோ இரண்டு மாடு பார்த்துவிட்டு வருகிறவர், சாப்பிடவும் இல்லை போலிருக்கிறது. வந்த வேகத்தில் கையில் உறையை மாட்டிக்கொண்டு, சேற்றில் ஒருக்களித்துப் படுத்து, தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டார். முகம் சுருங்கியது. வெகுநேரம் தடவிப் பார்த்தார். கையை உருவியதும் முதல் கேள்வி, "எப்ப நீர்க்குடம் ஒடைஞ்சது?"

"விடியும்போது."

"விடியும்போதா? இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

தையல்காரர் மெதுவாக, "ஜெபம் பண்ணிட்டு இருந்தோம்" என்றார்.

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நல்லது. கன்னு தலையைத் திருப்பி வயித்துப் பக்கம் மடிச்சு வெச்சிருக்கு. கன்னும் பெருசு. தலையைப் புடிச்சுத் திருப்பலாம்னா என் கை எட்ட மாட்டேங்குது, உள்ள அப்படி வீங்கிக் கெடக்கு. விடியக்காலையிலேயே கூப்பிட்டிருந்தீங்கன்னா திருப்பியிருப்பேன்."

சாவிக்காரிக்கு அந்த வார்த்தை நெஞ்சுக்குள் போய் நின்றது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதை அங்கேயே விட்டுவிட்டு, "இப்ப என்ன பண்ணணும், அதைச் சொல்லுங்க" என்றாள்.

"ரெண்டு வழிதான். வயித்தைக் கிழிச்சுக் கன்னை எடுக்கலாம். கன்னு பெரும்பாலும் பிழைச்சுக்கும். மாடு தாங்காது. ஓஞ்சு போச்சு, உள்ளயும் புண்ணு, சுத்திப் பாருங்க, சேறும் சாணியும். சீழ் புடிச்சிடும். இல்லைன்னா கன்னை உள்ளேயே துண்டாக்கி எடுக்கணும். அப்ப மாடு பிழைக்கலாம். பிழைக்கும்னு சொல்லலை, பிழைக்கலாம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சீக்கிரம் சொல்லுங்க. யார் மாடு இது?"

"கர்த்தருடைய மாடு" என்றாள் சாவிக்காரி.

"அது யாரு?"

தையல்காரர் விரலை மேலே காட்டினார்.

டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. "அப்ப அவரைக் கூப்பிடுங்க. வந்து தாயா பிள்ளையான்னு சொல்லட்டும். நான் அதுவரைக்கும் பீடி குடிக்கிறேன்."

சிரிக்கிற நேரமா அது? தையல்காரரின் மனைவி முந்தானையை வாயில் வைத்து அழுதாள். டாக்டர் சொன்னபடி பீடி ஒன்றும் குடிக்கவில்லை. பெட்டியைத் திறந்து கம்பி ரம்பத்தையும் கத்தியையும் பக்கத்துப் பக்கத்தில் எடுத்து வைத்தார். எதைச் சொன்னாலும் செய்யத் தயாராக.

"கன்னு உசுரோட இருக்கா?" என்று சாவிக்காரி கேட்டாள்.

"இருக்கு."

"எப்படித் தெரியும்?"

"வாய்க்குள்ள விரல் நுனி பட்டுச்சு. நாக்கு அசையுது."

"நான் பாக்கணும்."

"உங்க கைக்கு எட்டாதும்மா."

"நீங்க எட்டினீங்களே? என் கை உங்க கையைவிட மெலிசு." சாவிக்கொத்தை அவிழ்த்துச் சுவரோரம் போட்டாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். தோள்வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, டாக்டர் படுத்திருந்த அதே சேற்றில் படுத்தாள்.

உள்ளே வெதுவெதுப்பாக, இறுக்கமாக இருந்தது. மாடு முக்கியபோது கை எலும்பு நொறுங்குவது போல நெரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். டாக்டர் வழி சொல்லச் சொல்ல, கன்றின் கழுத்தைப் பிடித்துக்கொண்டே தடவிப் போனாள். தலையைத் திருப்பப் பார்த்தாள், விரல் நுனிதான் பட்டது, பிடி கிடைக்கவில்லை. காது. கன்னம். பிறகு ஈரமான உதடு. விரலை உள்ளே விட்டாள்.

கன்று சப்பியது.

பலமாக இல்லை. லேசாக, ஒரு தரம், பிறகு இன்னொரு தரம். அவள் கையை உருவாமல் அப்படியே கிடந்தாள். கண்ணீர் மூக்கின் மேல் ஓடி வைக்கோலில் விழுந்தது. இந்தக் கன்றின் தாயும் இப்படித்தான் தன் விரலைச் சப்பிப் புட்டிப்பாலுக்குப் பழகியது என்று நினைத்தாள். நினைத்ததும் கையை வெளியே எடுத்துவிட்டாள்.

அப்போதுதான் மூப்பர் கொட்டகைக்குள் வந்தார். தையல்காரர் நடந்ததைச் சொன்னார். மூப்பர் ரம்பத்தைப் பார்த்தார்.

"இதை யார் எடுக்கச் சொன்னது?"

"இன்னும் யாரும் சொல்லலை. அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன்" என்றார் டாக்டர்.

மூப்பர் சாவிக்காரியின் பக்கம் திரும்பினார். "தலைச்சன் கன்னும்மா அது. கர்ப்பம் திறந்து வர்ற முதல் ஜீவன். அவருக்குன்னே பிரிச்சு வெச்சது. அதை ரம்பத்தால அறுக்கிறதுக்கு உனக்கு யார் அதிகாரம் குடுத்தா?"

"மாடும் அவருடையதுதானே ஐயா? வயித்தைக் கிழிக்க மட்டும் யார் அதிகாரம் குடுத்தா?"

"அதனாலதான் சொல்றேன், ரெண்டும் வேணாம். கை வைக்காதே. பெட்டி சரியுதுன்னு கையை நீட்டிப் புடிச்சவன் கதை உனக்குத் தெரியாதா?"

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கதை தெரியும். கர்த்தருடைய உடன்படிக்கைப் பெட்டியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மாடு இடறுகிறது, பெட்டி சரிகிறது, பக்கத்தில் நடந்தவன் கையை நீட்டித் தாங்குகிறான். தாங்கினவன் அந்த இடத்திலேயே செத்து விழுகிறான். கீழே விழட்டும் என்று விட்டிருக்க வேண்டுமா? நல்லதற்குத்தானே கையை நீட்டினான்? கேட்டிருக்கிறாள். திருப்தியாக யாரும் பதில் சொன்னதில்லை. இப்போது தன் கையைப் பார்த்தாள். தோள்வரைக்கும் இரத்தமும் வழுவழுப்பும். கை நீட்டியாகிவிட்டது. விரலைக் கன்றும் சப்பியாகிவிட்டது.

"சும்மா விட்டா ரெண்டும் போயிடும். சாயங்காலம்வரைக்கும்கூடத் தாங்காது" என்று டாக்டர் சொன்னார். குரலில் இப்போது கேலி இல்லை.

"போகணும்னு அவர் நெனச்சா போகட்டும்" என்றார் மூப்பர். மூப்பர் கெட்டவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயந்தவர். கர்த்தருடைய சொத்தில் ஒரு துரும்பைத் தப்பாக எடுத்து வைத்துவிட்டால் என்ன ஆகுமோ என்று ஆயுசு முழுக்கப் பயந்தே நடந்தவர்.

மாடு நீளமாக ஒரு முனகல் முனகியது. சாவிக்காரி போய் அதன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "பொறு. பொறுத்துக்கோ" என்றாள்.

"பாத்தியா?" மூப்பர் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தினார். ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "உனக்கு இந்த மாட்டு மேல ஆசை. நீ இதை என் கண்ணு, என் கண்ணுன்னு கூப்பிடுறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? உன் ஆசைக்காக அவரோட பங்கை வெட்டப் பாக்குறே."

அவளுக்குக் காது இரண்டும் அடைத்தது. யாரும் கேட்கவில்லை என்று அத்தனை நாளும் நம்பியிருந்தாள். தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவி அழுகையை நிறுத்திவிட்டாள்.

பொய் என்று சொல்ல முடியுமா? முடியாது. வாயைத் திறந்து மாட்டைக் காப்பாற்றுங்கள் என்று சொன்னால், அது கர்த்தருக்காகச் சொன்னதா, தனக்காகச் சொன்னதா என்று அவளுக்கே தெரியாது. அந்தப் பயத்தில் கன்றைக் காப்பாற்றுங்கள் என்று சொல்லிவிட்டால்? அப்போது தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள மாட்டைக் கொன்றவள் ஆவாள். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் விடியற்காலையில் செய்த அதே தப்பு. எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தியிருந்தது. மடியில் மாட்டின் மூச்சு சூடாக, வேகமாக அடித்துக்கொண்டிருந்தது. மூச்சுக்கு மூச்சு இடைவெளி கூடிக்கொண்டே போனது.

"அம்மா. என்னால இன்னும் காத்திருக்க முடியாது" என்றார் டாக்டர்.

அவள் மூப்பரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா ஐயா. ஆசைதான். இல்லைன்னு சொன்னா அது ஒரு பொய்யாப் போகும். என் கண்ணுன்னுதான் கூப்பிட்டேன். ஆனா ஒண்ணு கேக்குறேன், சொல்லுங்க. வானம் அவருது, பூமி அவருது, மாடு அவருது, கன்னு அவருது. இந்த ஆசை மட்டும் யாருது? இதை நான் எங்கேயாவது கடையில வாங்கிட்டு வந்தேனா? இதுவும் அவர் வெச்சதுதானே?"

மூப்பர் சுவரோரம் கிடந்த சாவிக்கொத்தைப் பார்த்தார்.

"யாருதும் இல்லாத மாடுன்னா நீங்க சொல்றமாதிரி விட்டுடலாம். இது ஒருத்தரோடது. என்னைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போனவர் திரும்பி வந்து, என்ன ஆச்சுன்னு கேப்பாரா மாட்டாரா? ரெண்டையும் சாக விட்டுட்டு, உம்முடையதாச்சேன்னு சும்மா இருந்தேன்னு சொல்லவா? எனக்கு அந்தப் பதில் சொல்ல வாய் வராது. இதைச் செஞ்சேன், தப்புன்னா அடியும்னு சொல்றேன். அடிக்கட்டும்."

"அக்கா..." என்றார் தையல்காரர்.

"சும்மா இரு." டாக்டரிடம் திரும்பினாள். "கன்னு வந்தா யார் பால் குடுக்கிறது? தாய் செத்தா பின்வாசல்ல நிக்கிற பிள்ளைங்க என்ன பண்ணும்? தாயைக் காப்பாத்துங்க. கன்னுக்கு வலிக்காம முடியுமா?"

"முதல்ல ஊசியால அதோட உசுரை அடக்கிட்டுத்தான் ரம்பத்தை எடுப்பேன். அதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் டாக்டர்.

"அப்ப செய்யுங்க. நான் தலையைப் புடிச்சுக்கிறேன்."

செய்த வேலையை விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை. கேட்கிறவர்களுக்கும் வயிறு உண்டு. கம்பி உராய்கிற சத்தம் ஒரு தாளமாக வந்துகொண்டே இருந்தது, அதை மட்டும் சொன்னால் போதும். சாவிக்காரி மாட்டின் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள். தையல்காரர் வாளி வாளியாக வெந்நீர் கொண்டுவந்தார், ஒரு தரம் வெளியே போய் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். மூப்பர் போய்விடவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். அவர் முதுகு குலுங்கியது. ஜெபித்தாரோ, அழுதாரோ.

வெளியே வந்ததை டாக்டர் ஒரு சாக்கில் வைத்து மூடினார். சாவிக்காரி அந்தச் சாக்கை விலக்கிப் பார்த்தாள். பார்க்காதீங்க என்று டாக்டர் தடுத்தும் கேட்கவில்லை. நெற்றியில் வெள்ளை இருந்தது. தன் கையால் அதன் உடம்பைத் துடைத்து, கண்ணை மூடிவிட்டு, சாக்கை மறுபடி போர்த்தினாள்.

டாக்டர் மாட்டுக்கு ஊசிகள் போட்டார். "எழுந்து நிக்கணும். படுத்தே கெடந்தா கால் மரத்துப் போயிடும், அப்புறம் யாராலும் எழுப்ப முடியாது. இருட்டறதுக்குள்ள எழுந்துட்டா பிழைச்சுது. இல்லைன்னா..." மீதியைச் சொல்லாமல் கை கழுவினார். போகும்போது வாசலில் நின்று திரும்பி, "நீங்க சொன்னது எனக்குப் பாதி புரியலைம்மா. ஆனா சொன்னீங்களே, அதுக்குக் கும்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் போயிற்று. மாடு எழவில்லை. உலர்ந்த வைக்கோல் பரப்பினார்கள். தவிடு கரைத்து வைத்தார்கள், மோந்து பார்க்கவும் இல்லை. கால்களைத் தேய்த்துவிட்டார்கள். தையல்காரர் ஒரு தரம், அவர் மனைவியும் சேர்ந்து ஒரு தரம், வாலைப் பிடித்தும் தோளைக் கொடுத்தும் தூக்கிப் பார்த்தார்கள். பின்னங்கால் மடங்கிச் சரிந்தது. விழுந்த வேகத்தில் மாட்டின் தாடை தரையில் இடித்தது. கொட்டகையில் வெளிச்சம் மங்கத் தொடங்கியது.

சாவிக்காரி எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். மாட்டின் பக்கத்தில் மண்டியிட்டாள். அவள் ஜெபம் எப்போதும் சண்டை போலத்தான் இருக்கும். "கன்னை எடுத்துக்கிட்டீர். நான்தான் குடுத்தேன், சரி, என் கையாலதான் குடுத்தேன். கணக்கை என்கிட்ட கேளும். இவகிட்ட கேக்காதீர். இவ ஒண்ணும் பண்ணலை. நான் ஒண்ணும் உம்மகிட்ட உரிமை பேசலை. உம்முடையதுதான். உம்முடையதுங்கிறதாலதான் கேக்குறேன், வேற யார்கிட்ட போய்க் கேப்பேன்?"

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மூப்பர். கையில் ஜெபவீட்டுப் பாய் இரண்டு. முழங்காலில் உட்காருவதற்கென்று வைத்திருக்கும் பாய்கள் அவை, வெளியே எடுத்துப் போகவே விடமாட்டார். அவற்றை முறுக்கி, மாட்டின் வயிற்றுக்குக் கீழே நுழைத்தார். வாசலைப் பார்த்து, "தையல்காரரே, வாரும். அந்த முனையைப் புடியும்" என்றார்.

சாவிக்காரி அவரைப் பார்த்தாள். "இது தப்புன்னு சொன்னீங்களே ஐயா?"

"இப்பவும் எனக்குத் தெரியலை. ஞாயித்துக்கிழமை சபையில கேப்பாங்க. உன்னையும் கேப்பாங்க, என்னையும் கேப்பாங்க. இப்ப தூக்கு."

தூக்கினார்கள். மூப்பரின் கழுத்து நரம்பு புடைத்தது. மாட்டின் முன்னங்கால் ஊன்றியது. பின்பக்கம் ஆடியது, தாழ்ந்தது. "விடாதீங்க, விடாதீங்க" என்று தையல்காரர் கத்தினார். சாவிக்காரி தன் தோளை மாட்டின் தொடைக்கு முட்டுக் கொடுத்து முழுப் பலத்தையும் வைத்துத் தள்ளினாள். ஒரு நொடி அவளும் சேர்ந்து சரிந்துவிடுவாள் போலிருந்தது. பிறகு அவள் தோளின் மேல் இருந்த பாரம் குறைந்தது. இன்னும் குறைந்தது. பாய்கள் தளர்ந்து தொங்கின.

மாடு நின்றது. நான்கு காலும் வெடவெடவென்று நடுங்க, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது.

மூப்பர் பாயின் முனையைப் பிடித்தபடியே இருந்தார், விட்டால் விழுந்துவிடுமோ என்று.

மாடு தலையைத் தூக்கியது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. அடித்தொண்டையில், கன்றைக் கூப்பிடுகிற அந்தக் குரலில், கூப்பிட்டது. பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டது. தையல்காரரின் மனைவியால் அதைக் கேட்க முடியவில்லை, வெளியே போய்விட்டாள். சாக்கை முன்பே எடுத்துப் போயிருந்தார்கள்.

சாவிக்காரி முன்னால் வந்து மாட்டின் முகத்துக்கு நேரே நின்றாள். ஆறுதல் சொல்லலாம் என்று வந்தாள், சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள். அந்தக் கையை அவள் இன்னும் சரியாகக் கழுவவில்லை. கன்றைத் துடைத்த கை. மாடு மோந்தது. மூக்கை அவள் உள்ளங்கையில் வைத்து, மணிக்கட்டுக்குக் கொண்டுபோய், முழங்கைவரைக்கும் மோந்தது. பிறகு நாக்கை நீட்டி நக்கத் தொடங்கியது. தலைச்சன் கன்றை நக்குகிற மாதிரி, அழுத்தமாக, நிறுத்தாமல். சொரசொரத்த நாக்கு. தோல் எரிந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மற்றக் கையையும் நீட்டினாள்.

மூப்பர்தான் முதலில் பார்த்தார். மடி இறங்கியிருந்தது. காம்பிலிருந்து மஞ்சளாகச் சீம்பால் சொட்டி வைக்கோலில் விழுந்துகொண்டிருந்தது.

"பாத்திரம்" என்றார் மூப்பர். "யாராவது ஒரு பாத்திரம் கொண்டு வாங்க."

"நீங்களே போய் எடுத்துட்டு வாங்க ஐயா. அறையில, கட்டிலுக்கு அடியில இருக்கு. நான் நகர முடியாது" என்றாள் சாவிக்காரி.